கூட்டினால் பூஜ்ஜியம் வந்த அட்டவணை

நான் எழுதிய இரண்டாவது இண்டெக்ஸர், அதாவது எத்தீரியம் என்ற பிளாக்செயினில் பதிவான தரவைத் திரட்டி அட்டவணையாக்கும் நிரல், ஒரு பிழைச் செய்திகூடக் காட்டாமல் ஓடி முடிந்தது. கேட்ட பிளாக்குகள் (பரிவர்த்தனைகளின் தொகுப்புகள்) அனைத்தையும் படித்துவிட்டதாகத் திரை சொன்னது, அட்டவணை நிரம்பியிருந்தது, வினவல்களுக்கு உடனுக்குடன் பதில் வந்தது. முகவரிகளின் டோக்கன் இருப்பைப் பெரியதிலிருந்து சிறியதுக்கு இறங்குமாறு வரிசைப்படுத்திப் பார்த்துக்கொண்டே கடைசிப் பக்கம்வரை போனபோதுதான், அங்கே முகவரிக்குப் பின் முகவரியாகக் கழித்தல் குறியோடு எண்கள் நிற்பதைக் கண்டேன். தன்னிடம் இல்லாத டோக்கனை எவரும் அனுப்ப முடியாது என்பதுதான் அந்த டோக்கனை நடத்தும் ஒப்பந்தம், அதாவது சங்கிலியிலேயே ஓடும் நிரல், காக்கும் முதல் விதி. அந்த விதியை ஆயிரக்கணக்கான கணினிகள் ஒவ்வொரு பிளாக்கிலும் தனித்தனியே சரிபார்த்து ஒப்புக்கொள்கின்றன. அப்படியிருக்க, அதே சங்கிலியிலிருந்து எடுத்த தரவு என் தரவுத்தளத்துக்கு வந்து நடக்கவே முடியாத ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. பிழையைத் திருத்த ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது. ஆனால் அது ஏன் நேர்ந்தது, அதுவரை நான் படித்திருந்த அறிமுக வழிகாட்டிகளில் அதைப் பற்றி ஒரு வரிகூட ஏன் இல்லை என்ற கேள்வி அதன்பின் மாதக்கணக்கில் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அதை எழுதித் தீர்க்கவே இந்தக் கட்டுரை.

சங்கிலியில் எல்லாமே வெளிப்படையாக இருக்கும்போது இண்டெக்ஸ் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் எடுத்துக்காட்டு ஒன்றுதான். ஈஆர்சி-20 என்ற பொது விதிமுறைப்படி அமைந்த ஒரு டோக்கனை யார் யார் வைத்திருக்கிறார்கள் என்பது அந்த டோக்கனின் ஒப்பந்தத்துக்கே தெரியாது. ஒரு முகவரியைக் கொடுத்து அதன் இருப்பைக் கேட்டால் சொல்லும். எல்லா முகவரிகளையும் பட்டியலிடச் சொன்னால் அதனிடம் பட்டியல் கிடையாது. ஒப்பந்தங்களை எழுதும் சாலிடிட்டி மொழியில் இருப்புகளை வைக்கும் மேப்பிங் என்ற அமைப்பு, ஒவ்வொரு முகவரியையும் ஹாஷ் செய்து (நிலையான நீளமுள்ள ஒரு குறியீடாக மாற்றி), கிடைக்கும் இடத்தில் எண்ணை எழுதிவைக்கிறது. எந்தெந்த முகவரிகளுக்கு எழுதினோம் என்ற குறிப்பை அது வைத்துக்கொள்வதில்லை. ஆகவே யாரிடம் எவ்வளவு இருக்கிறது, சென்ற மாதம் இதே நாளில் எவ்வளவு இருந்தது, முதல் பத்துப் பேர் யார் என்பன போன்ற மிக எளிய கேள்விகளுக்குக்கூட, ஒப்பந்தம் பிறந்த பிளாக்கிலிருந்து அது வெளியிட்ட லாக்குகளை, அதாவது நிகழ்வுக் குறிப்புகளை, ஒன்றுவிடாமல் திரட்டி நாமே கணக்கு எழுத வேண்டியிருக்கிறது. எத்தீரியத்தில் ஒப்பந்தத்தின் சேமிப்பில் புதிதாக ஓர் இடத்தை நிரப்புவதற்கு 20,000 கேஸ் (கட்டணத்தை அளக்கும் அலகு) செலவாகிறது. ஒரு லாக்குக்கோ அடிப்படை 375, தேடுவதற்கு உதவும் தலைப்பான ஒவ்வொரு டாபிக்குக்கும் மேலும் 375, தரவின் ஒவ்வொரு பைட்டுக்கும் 8 என்ற அளவில்தான் செலவு. இந்த மலிவுக்கு ஈடாக ஒரு கட்டுப்பாடும் உண்டு: எழுதப்பட்ட லாக்கை எந்த ஒப்பந்தத்தாலும் திரும்பப் படிக்க முடியாது. வெளியே இருக்கும் நம்மைப் போன்றவர்கள் படிப்பதற்காக மட்டுமே அது எழுதப்படுகிறது. இந்தச் செய்தியை நான் பலமுறை படித்திருந்தேன். அதன் முழுப் பொருளும் எனக்கு அப்போது விளங்கியிருக்கவில்லை.

இண்டெக்ஸர் எழுத உதவும் ஆயத்த ஃபிரேம்வொர்க் எதையும் தொடுவதற்கு முன் இதே வேலைக்காக நானே ஒரு சிறிய நிரல் எழுதியிருந்தேன். குறிப்பிட்ட பிளாக் வரம்பைக் கொடுத்து சங்கிலியின் கணினி ஒன்றிடம் (நோடு) லாக்குகளைக் கேட்கும் ஆர்பிசி அழைப்பை ஒரு சுழற்சிக்குள் வைத்து, வந்த ஒவ்வொன்றுக்கும் அனுப்பியவர் கணக்கில் கழித்து, பெற்றவர் கணக்கில் கூட்டும் நிரல் அது. முதல் சிக்கல் வரம்பில் வந்தது. ஒரே அழைப்பில் எத்தனை பிளாக்குகளைக் கேட்கலாம், எத்தனை லாக்குகளைத் திருப்பித் தருவோம் என்பதற்கு ஒவ்வொரு நோடு சேவையும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. நெரிசலான காலத்துப் பிளாக்குகளில் அந்த எல்லை சட்டென்று வந்துவிடுகிறது. இரண்டாவது சிக்கல் இன்னும் கடுமையானது. இணைப்பு துண்டித்து நிரல் நடுவில் நின்றுபோனால், எந்த லாக் வரை கணக்கில் ஏறியது என்று உறுதியாகத் தெரியாது. மறுபடி தொடங்கினால் சில லாக்குகள் இரண்டு முறை ஏறிவிடும். இருப்பு என்பது கூட்டிக்கொண்டே போகும் எண் என்பதால், ஒருமுறை தவறு புகுந்துவிட்டால் அது எங்கே புகுந்தது என்று பின்னால் தேடுவது ஏறக்குறைய இயலாத காரியம். இந்த இரண்டு தொல்லைகளையும் தாங்கிக்கொள்ளும் ஒரு கருவி வேண்டும் என்றுதான் ஃபிரேம்வொர்க் பக்கம் போனேன். அந்த எதிர்பார்ப்பு வீண்போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

எளிதாக அமைந்த தொடக்கம்

இந்தத் துறையில் பெரும்பாலோர் முதலில் கேள்விப்படும் பெயர் தி கிராஃப். 2020 டிசம்பரில் தன் பரவலாக்கப்பட்ட வலையமைப்பைத் தொடங்கிய அது, சப்கிராஃப் என்ற சொல்லையே இண்டெக்ஸுக்கு மறுபெயர் போல ஆக்கிவிட்டது. நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆனால் அதன் ஹேண்ட்லர்களை, அதாவது ஒரு நிகழ்வு வந்ததும் ஓடும் நிரல்துண்டுகளை, அசெம்பிளிஸ்கிரிப்ட் மொழியில் எழுத வேண்டும். பார்வைக்கு டைப்ஸ்கிரிப்ட் போலவே இருந்தாலும் நாம் பழகிய நூலகங்களை அதற்குள் கொண்டுவர முடியாது. என் தேவை சிறியது, என் கையில் இருந்தது டைப்ஸ்கிரிப்ட் பழக்கம் மட்டுமே என்பதால் பாண்டர் என்ற திறமூல ஃபிரேம்வொர்க்குக்கு மாறினேன். இதைச் சொல்வதால் ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்று பொருளில்லை. இங்கே நான் சொல்லப்போகும் செய்தி இவ்விரண்டுக்கும், எனவியோ, சப்ஸ்குவிட் போன்ற மற்றவற்றுக்கும் ஒரே அளவில் பொருந்தும்.

பாண்டரில் தொடங்குபவர் கவனிக்க வேண்டியவை மூன்றே கோப்புகள். எந்தச் சங்கிலி, எந்த ஒப்பந்தம், எந்தப் பிளாக்கிலிருந்து என்பதை ஒரு கோப்பில் சொல்கிறோம். எந்த அட்டவணையில் என்னென்ன நெடுவரிசைகள் என்பதை இன்னொன்றில் சொல்கிறோம். ஒரு நிகழ்வு வந்தால் அட்டவணையில் என்ன மாற்றம் செய்ய வேண்டும் என்பதை மூன்றாவதில் எழுதுகிறோம். மற்ற அனைத்தையும் அது பார்த்துக்கொள்கிறது. நோடு சேவையின் எல்லைக்கு ஏற்ப வரம்பைச் சுருக்கிக் கேட்கிறது. ஒருமுறை வாங்கிய லாக்கைத் தரவுத்தளத்திலேயே சேமித்து வைத்திருப்பதால் ஹேண்ட்லரைத் திருத்திவிட்டு மீண்டும் ஓட்டும்போது நோடை மறுபடி தொந்தரவு செய்வதில்லை. பிளாக், பரிவர்த்தனை, லாக் என்ற வரிசை மாறாமல் ஒவ்வொன்றாக ஹேண்ட்லரிடம் கொடுக்கிறது. சொந்தக் கணினியில் முயன்று பார்க்கும்போது தனியாகப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நிறுவ வேண்டிய தேவைகூட இல்லை. பெரிய எண்களுக்கும் வழி செய்திருக்கிறார்கள். ஒப்பந்தங்கள் பயன்படுத்தும் 256 பிட் முழு எண் 78 இலக்கம்வரை போகும். ஜாவாஸ்கிரிப்ட்டின் சாதாரண எண் 9,007,199,254,740,991 என்ற அளவைத் தாண்டினால் துல்லியத்தை இழந்துவிடும். 18 தசம இடங்கள் கொண்ட டோக்கனில் ஒரு முழு டோக்கனின் நூற்றில் ஒரு பங்கே அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. இங்கே பெரிய எண்ணுக்கான தனி வகையே இயல்பான வகையாக இருப்பதால் அந்தப் பள்ளத்தில் தொடக்கக்காரர்கள் விழுவதில்லை.

முதல் இண்டெக்ஸருக்கு டாய் டோக்கனை எடுத்துக்கொண்டேன். அதில் புதிய டோக்கன் உருவாக்கப்படும்போது, யாருக்கும் சொந்தமில்லாத பூஜ்ஜிய முகவரியிலிருந்து ஒருவருக்கு டிரான்ஸ்ஃபர் (கைமாற்றம்) நடந்ததாக ஒரு நிகழ்வு வெளியாகும். அழிக்கப்படும்போது பூஜ்ஜிய முகவரிக்குப் போனதாக வெளியாகும். ஆகவே டிரான்ஸ்ஃபர் என்ற ஒரே நிகழ்வுக்கு ஒரே ஹேண்ட்லர் எழுதினால் முழுக் கணக்கும் வந்துவிடுகிறது. பூஜ்ஜிய முகவரியை மட்டும் ஓர் ஆளாகக் கருதாமல் தவிர்த்தேன். மாதிரிக்குச் சில முகவரிகளை ஒப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் பிசகவில்லை. ஒரு நாளின் வேலையில் இவ்வளவு தூரம் வர முடிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி இருந்தது, இன்றும் அந்த மகிழ்ச்சியை நான் குறைத்துப் பேச விரும்பவில்லை. ஆனால் அந்த நாளில் நான் கற்றுக்கொண்டதாக நினைத்த பாடம் தவறானது. ஈஆர்சி-20 டோக்கன் என்றால் டிரான்ஸ்ஃபர் நிகழ்வுகளைக் கூட்டினால் போதும் என்பதே அந்தப் பாடம்.

கழித்தல் குறி

இரண்டாவதாக எடுத்தது ராப்டு ஈதர், சுருக்கமாக வெத். எத்தீரியத்தின் நாணயமான ஈதரை ஈஆர்சி-20 போல நடமாடவிடுவதற்காக 2017 டிசம்பரில் நிறுவப்பட்ட ஒப்பந்தம் அது. எத்தீரியத்தில் மிக அதிகமாகக் கைமாறும் டோக்கன்களில் ஒன்று. முழு வரலாற்றையும் படிப்பது என் கணினிக்குப் பெரிய சுமை என்பதால், அது நிறுவப்பட்ட 4719568ஆம் பிளாக்கிலிருந்து ஒரு லட்சம் பிளாக்குகளை மட்டும் படித்துவிட்டு நிற்கும்படி வரம்பு வைத்தேன். ஒப்பந்தத்தின் பிறப்பிலிருந்து இரண்டு வாரத்துக்குச் சற்று மேற்பட்ட காலம் அது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த டாய் இண்டெக்ஸரின் கோப்புகளைப் பிரதியெடுத்து, முகவரியையும் பிளாக் எண்ணையும் மாற்றினேன். நிகழ்வுகளை எப்படிப் பிரித்துப் படிப்பது என்று ஃபிரேம்வொர்க்குக்குச் சொல்லும் இடைமுகக் கோப்பை மாற்றவில்லை. மாற்ற வேண்டிய தேவை எதுவும் தென்படவும் இல்லை, ஏனென்றால் இரண்டு ஒப்பந்தங்களிலும் டிரான்ஸ்ஃபர் நிகழ்வு ஒன்றேதான். அனுப்பியவர், பெற்றவர், தொகை ஆகிய மூன்றுக்கும் வைத்திருக்கும் பெயர்கள்கூட எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கின்றன. எந்த இடத்திலாவது ஒரு பெயர் வேறுபட்டிருந்தால் டைப்ஸ்கிரிப்ட் அங்கேயே என்னை நிறுத்தியிருக்கும்.

அப்படி ஓடி முடிந்த அட்டவணையில்தான் அந்தக் கழித்தல் குறிகள் இருந்தன. முதலில் நான் தொடக்கப் பிளாக்கைச் சந்தேகித்தேன். நடுவிலிருந்து படிக்கத் தொடங்கினால், அதற்கு முன்பே டோக்கன் வைத்திருந்தவர்கள் அனுப்பும்போது இருப்பு பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும் என்பது தெரிந்த விஷயம். ஆனால் நான் ஒப்பந்தம் நிறுவப்பட்ட பிளாக்கிலிருந்தே தொடங்கியிருந்தேன். அதற்கு முன் யாரிடமும் எதுவும் இருந்திருக்க முடியாது. அடுத்து, ஒரே பிளாக்குக்குள் நிகழ்வுகளின் வரிசை மாறிவிட்டதோ என்று பார்த்தேன். அதன்பின் முகவரிகளில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்து வருவதால் ஒரே ஆள் இரண்டு வரிசைகளாகப் பிரிந்துவிட்டாரோ என்று பார்த்தேன். முகவரியில் தட்டச்சுப் பிழையைக் கண்டுபிடிப்பதற்காக அப்படிக் கலந்து எழுதும் ஒரு முறை உண்டு. சரம் சரமாக ஒப்பிடும் நிரல்களில் அது அடிக்கடி சிக்கல் தருவதும் உண்டு. அதுவும் இல்லை. ஒரு கட்டத்தில், மொத்தம் எவ்வளவு டோக்கன் புழக்கத்தில் இருக்கிறது என்று பார்த்தால் ஏதாவது துப்புக் கிடைக்கும் என எண்ணி, எல்லா இருப்புகளையும் கூட்டும் ஒரு வரி எஸ்கியூஎல் எழுதினேன்.

விடை பூஜ்ஜியம். தோராயமாகப் பூஜ்ஜியம் என்றில்லை. 18 தசம இடங்களிலும் ஒரு மிச்சமும் இல்லாத பூஜ்ஜியம். அந்த எண்ணைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தவறான கணக்கு ஏதோ ஓர் ஒழுங்கற்ற எண்ணைத் தந்திருக்க வேண்டும். இது மிகச் சரியான கணக்கு தரும் எண்ணாக இருந்தது. ஒருவரிடம் கழித்ததை அப்படியே இன்னொருவரிடம் கூட்டினால், ஆயிரம் முறை செய்தாலும் கோடி முறை செய்தாலும் மொத்தம் பூஜ்ஜியம்தான். அப்படியென்றால் என் இண்டெக்ஸர் தான் பார்த்த எதையும் தவறாகக் கணக்கிடவில்லை. டோக்கன் உள்ளே வந்த வழியை அது பார்க்கவே இல்லை. டாயில் அந்த வழி பூஜ்ஜிய முகவரியிலிருந்து வரும் டிரான்ஸ்ஃபர். வெத் அட்டவணையில் அப்படி ஏதாவது உள்ளே வந்ததா என்று தேடினேன். ஒன்றுகூட இல்லை.

அதன்பிறகுதான் ஒப்பந்தத்தின் மூல நிரலைத் திறந்தேன். முதலில் செய்திருக்க வேண்டிய காரியத்தை அன்று கடைசியாகச் செய்தேன். உரிமச் சொற்களை நீக்கிவிட்டால் நூறு வரிக்கும் குறைவான நிரல் அது. ஐந்து நிமிடத்தில் படித்துவிடலாம். ஈதரைப் போட்டால் டெபாசிட் என்ற நிகழ்வு வெளியாகிறது; எடுத்தால் வித்டிராவல் என்ற நிகழ்வு வெளியாகிறது. இரண்டு இடத்திலும் டிரான்ஸ்ஃபர் வெளியாவதில்லை. செயல்பாட்டின் பெயரைச் சொல்லாமல் வெறுமனே ஈதரை அந்த முகவரிக்கு அனுப்பினாலும் டெபாசிட்தான் நடக்கிறது. டாயின் இடைமுகக் கோப்பில் டெபாசிட் என்ற சொல்லே கிடையாது என்பதால் ஃபிரேம்வொர்க் அதை நோடிடம் கேட்கவே இல்லை, கேட்காதது வரவில்லை, வராததற்கு எச்சரிக்கை தர எந்தக் கருவியாலும் முடியாது. இதில் ஒப்பந்தத்தின் மீதும் குறை சொல்ல இடமில்லை. புதிய டோக்கனை உருவாக்கும் ஒப்பந்தம் பூஜ்ஜிய முகவரியிலிருந்து டிரான்ஸ்ஃபர் வெளியிடுவது நல்லது என்றுதான் ஈஆர்சி-20 விதிமுறை பரிந்துரைக்கிறது. கட்டாயம் என்று சொல்லவில்லை. டோக்கன் கைமாறும்போது வெளியிடுவதைத்தான் அது கட்டாயமாக்குகிறது. அந்த ஒரு சொல்லின் வேறுபாட்டில்தான் என் அட்டவணை முழுவதும் கவிழ்ந்து கிடந்தது.

டெபாசிட்டுக்கும் வித்டிராவலுக்கும் இரண்டு சிறிய ஹேண்ட்லர்களைச் சேர்த்தேன். லாக்குகள் மறுபடி படிக்கப்பட்டு முடிந்ததும், கடைசிப் பிளாக்கின் நிலையில் ஐம்பது முகவரிகளின் இருப்பை ஒப்பந்தத்திடமே கேட்டு, அட்டவணையோடு ஒப்பிட்டேன். ஐம்பதும் பொருந்தின. மொத்தத்தை ஒப்பிடலாமே என்றும் தோன்றியது. ஆனால் வெத் தன் மொத்த வழங்கலாகச் சொல்வது தன்னிடம் உள்ள ஈதரின் அளவைத்தான். இன்னோர் ஒப்பந்தம் தன்னை அழித்துக்கொள்ளும்போது மிஞ்சிய ஈதரை வலுக்கட்டாயமாக இந்த முகவரிக்குத் தள்ளிவிட முடியும். அப்போது எந்த நிகழ்வும் வெளியாகாமலேயே மொத்தம் கூடிவிடும். எனவே ஒவ்வொரு முகவரியாகக் கேட்டதே சரியான சோதனை என்று முடிவு செய்தேன்.

ஒப்பந்தம் சொல்வதும் வைத்திருப்பதும்

அந்த மாலைக்குப் பிறகுதான், லாக்கை எந்த ஒப்பந்தமும் திரும்பப் படிக்க முடியாது என்ற செய்தியின் பொருள் எனக்கு முழுமையாகப் புலப்பட்டது. ஒப்பந்தம் தன் முடிவுகளைத் தன் சேமிப்பில் உள்ள எண்களை வைத்து எடுக்கிறது. லாக் என்பது அந்த ஒப்பந்தத்தை எழுதியவர் வெளியுலகுக்குச் சொல்ல விரும்பியது. இரண்டும் பொருந்த வேண்டும் என்று சங்கிலி எங்கேயும் வலியுறுத்துவதில்லை. பொருந்தும்படி எழுதுவது நிரலாளரின் பொறுப்பு. எவரும் ஓர் ஒப்பந்தத்தை எழுதி, அதிலிருந்து யாருடைய பெயரிலும் டிரான்ஸ்ஃபர் நிகழ்வை வெளியிடலாம். போலி டோக்கன்களைப் பரப்புபவர்கள் புகழ்பெற்ற முகவரிகள் தங்கள் டோக்கனை அனுப்பியதாகக் காட்டிக்கொள்வது இந்த வழியில்தான். உண்மையான டோக்கன்களிலும் இதன் நிழல் உண்டு. தொகை பூஜ்ஜியமாக இருந்தாலும் டிரான்ஸ்ஃபர் வெளியாக வேண்டும் என்பது விதிமுறை. பூஜ்ஜியத் தொகையை மாற்றுவதற்குப் பொதுவாக அனுமதியும் தேவைப்படுவதில்லை. ஆகவே முன்பின் தெரியாத ஒருவர், உங்கள் முகவரியிலிருந்து, உங்களுக்குப் பழக்கமான முகவரி போலவே தோன்றும் தன் முகவரிக்குப் பூஜ்ஜியம் டோக்கன் போனதாக லாக் எழுதவைத்து, பழைய முகவரி என்று நினைத்து நீங்கள் அதைப் பிரதியெடுப்பீர்கள் எனக் காத்திருக்க முடிகிறது. ஒரு முகவரி எத்தனை முறை டோக்கன் அனுப்பியது என்று எண்ணும் ஹேண்ட்லரை யோசிக்காமல் எழுதினால், இவை அனைத்தும் எண்ணிக்கையில் ஏறிவிடும்.

நிகழ்வின் பெயரும்கூட நம்மை ஏமாற்றக்கூடும். ஒரு நிகழ்வின் அடையாளம், அதன் பெயரையும் அளவுருக்களின் வகைகளையும் சேர்த்து ஹாஷ் செய்து கிடைப்பது. இரண்டு முகவரிகள், ஒரு 256 பிட் எண் என்ற அமைப்பில் ஈஆர்சி-20இன் டிரான்ஸ்ஃபரும், தனிப்பொருள்களுக்கான விதிமுறையான ஈஆர்சி-721இன் டிரான்ஸ்ஃபரும் ஒன்றே. ஆகவே ஹாஷும் ஒன்றே. முன்னதில் அந்த எண் தொகை, பின்னதில் அது ஒரு தனிப்பொருளின் வரிசை எண். முன்னதில் மூன்று டாபிக்குகள், பின்னதில் எண்ணும் டாபிக்காக வருவதால் நான்கு. 2017இல் எத்தீரியத்தையே திணறவைத்த டிஜிட்டல் பூனை விளையாட்டான கிரிப்டோகிட்டிஸ் ஒப்பந்தத்தில் மூன்று அளவுருக்களுமே டாபிக்குகளாக வராமல் தரவுப் பகுதியில் வருகின்றன. அங்கே இருப்பது அடையாள ஹாஷ் என்ற ஒரே டாபிக். ஒரே ஹாஷை வைத்துச் சங்கிலி முழுவதும் தேடுபவருக்கு இந்த மூன்று வகையும் கலந்துதான் வரும். டாபிக்குகளை எண்ணிப் பிரிக்காவிட்டால், ஒரு பூனையின் வரிசை எண் யாரோ ஒருவரின் இருப்பாகக் கணக்கில் ஏறும்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் ஒவ்வொரு முறையும் ஹேண்ட்லருக்குள்ளிருந்தே ஒப்பந்தத்திடம் இருப்பைக் கேட்டுவிடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. பாண்டர் அதற்கு வழி தருகிறது. அந்த நிகழ்வு நடந்த பிளாக்கின் நிலையிலேயே கேட்கும்படியும் பார்த்துக்கொள்கிறது. ஆனால் அந்த விடை பிளாக்கின் முடிவில் இருந்த நிலை. ஒருவர் ஒரே பிளாக்கில் மூன்று முறை டோக்கன் அனுப்பியிருந்தால் மூன்று ஹேண்ட்லர்களுக்கும் ஒரே எண்தான் கிடைக்கும். இடையில் இருந்த இரண்டு நிலைகள் தெரியாது. மேலும் பழைய பிளாக்கின் நிலையைச் சொல்ல எல்லாப் பழைய நிலைகளையும் வைத்திருக்கும் ஆர்கைவ் நோடு தேவை. கெத் போன்ற மென்பொருளின் சாதாரண முழு நோடு கடைசி 128 பிளாக்குகளின் நிலையைத்தான் கையில் வைத்திருக்கும். நிகழ்வுக்கு ஓர் அழைப்பு என்று வைத்தால் ஒத்திசைவின் வேகமும் நின்றுவிடுகிறது. ஆகவே அந்த அழைப்பைக் கணக்கெழுதப் பயன்படுத்தாமல், எழுதிய கணக்கைச் சரிபார்க்க மட்டுமே பயன்படுத்துவது என்ற இடத்தில் வந்து நின்றேன்.

ஃபிரேம்வொர்க் தாங்கிக்கொள்ளும் சுமை

இதையெல்லாம் படித்துவிட்டு ஃபிரேம்வொர்க்கால் பயனில்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. நானாக எழுதியிருந்தால் நிச்சயம் தவறாகவே எழுதியிருப்பேன் என்று எனக்குத் தெரிந்த ஒரு பகுதி இருக்கிறது: சங்கிலி தன் கடைசிச் சில பிளாக்குகளை மாற்றிக்கொள்ளும் ரீஆர்க். இன்றைய எத்தீரியத்தில் 12 நொடிக்குப் பிளாக் ஒன்றுக்கான ஓர் இடம், 32 இடங்கள் சேர்ந்தது ஓர் எபாக், இரண்டு எபாக் கடந்தபின்தான் ஒரு பிளாக் இறுதியானது. அதாவது ஏறத்தாழ 13 நிமிடங்களுக்குள் இருக்கும் எதுவும் கொள்கையளவில் மாறக்கூடியது. ஒரு பிளாக் மாறுவது எப்போதாவது நடப்பது. 2022 மே 25 அன்று, இன்றைய எத்தீரியத்தின் ஒருமித்த முடிவை நடத்தும் பீக்கன் சங்கிலியில் ஒரே வீச்சில் ஏழு பிளாக்குகள் மாறின. நான் கையால் எழுதிய பழைய நிரலில் ஏற்கெனவே கூட்டிவிட்ட தொகையைத் திரும்பக் கழிக்க வழியே இருக்கவில்லை. பாண்டர் ஒவ்வொரு புதிய பிளாக்கும் தன் முந்தைய பிளாக்கின் ஹாஷைச் சரியாகச் சுட்டுகிறதா என்று பார்க்கிறது. பொருந்தாவிட்டால், மாற்றப்பட்ட வரிசைகளின் பழைய மதிப்புகளைத் தனியே எழுதிவைத்திருக்கும் அட்டவணையிலிருந்து அவற்றை மீட்டு, பிரிந்த இடம்வரை பின்னே சென்று, புதிய பிளாக்குகளை மீண்டும் படிக்கிறது. இந்த வேலையை நான் ஒருமுறைகூடத் தொட வேண்டியிருக்கவில்லை.

ஆனால் இந்த வசதி நம்மிடமும் ஓர் ஒழுக்கத்தைக் கேட்கிறது. ஒரே நிகழ்வு ஹேண்ட்லருக்கு எத்தனை முறையும் வரலாம். ரீஆர்க்கில் வரலாம், நாம் நிரலைத் திருத்திவிட்டு முதலிலிருந்து ஓட்டும்போதும் வரலாம். எந்த முறை வந்தாலும் அதே முடிவுதான் எழுதப்பட வேண்டும். ஹேண்ட்லருக்குள் கணினியின் கடிகாரத்தைப் பார்ப்பதும், வெளியே உள்ள விலைச் சேவை ஒன்றிடம் இன்றைய விலையைக் கேட்பதும் இந்த ஒழுக்கத்தை உடைத்துவிடும். பெரிய தொகை கைமாறினால் மின்னஞ்சல் அனுப்பும் வரி ஒன்றை நான் ஹேண்ட்லருக்குள்ளேயே வைத்திருந்தேன். திருத்தி மறுபடி ஓட்டிய நாளில் பழைய நிகழ்வுகள் அத்தனைக்கும் அஞ்சல்கள் மீண்டும் போயின. இப்போது ஹேண்ட்லர் அட்டவணையில் மட்டும் எழுதுகிறது. அஞ்சல் அனுப்புவது அட்டவணையைப் படிக்கும் இன்னொரு நிரலின் வேலை.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, நிறுவும் கட்டளையைத் தட்டுவதற்கு முன் ஒப்பந்தத்தின் மூல நிரலைத் திறக்க வேண்டும் என்பதைத்தான். இருப்பை மாற்றும் வரிகள் எத்தனை என்று எண்ணி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வெளியிடும் நிகழ்வின் பெயரை ஒரு தாளில் எழுத வேண்டும். ஒரே மாற்றத்துக்கு இரண்டு நிகழ்வுகள் இருக்கலாம். யுஎஸ்டிசி என்ற டோக்கனின் ஒப்பந்தம் புதிய டோக்கனை உருவாக்கும்போது மின்ட் என்ற நிகழ்வையும் பூஜ்ஜிய முகவரியிலிருந்து டிரான்ஸ்ஃபரையும் சேர்த்தே வெளியிடுகிறது, இரண்டையும் கணக்கில் எடுத்தால் தொகை இரட்டிப்பாகிவிடும். நிகழ்வே இல்லாத வரியும் இருக்கலாம். அதன்பின் ஸ்கீமா (அட்டவணைகளின் அமைப்பு), அதன்பின் ஹேண்ட்லர், அதன்பின் பிறப்புப் பிளாக்கிலிருந்து ஒரு சிறிய வரம்பு, அந்த வரம்பின் முடிவில் ஒப்பந்தத்திடமே கேட்டு ஒப்பிடும் ஒரு சோதனை. இந்தச் சோதனையைத் தனி நிரலாக எழுதிவைத்திருக்கிறேன். ஹேண்ட்லரில் எந்த மாற்றம் செய்தாலும் அது ஓடுகிறது. பொருந்தாத முகவரி ஒன்று இருந்தாலும் புதிய இண்டெக்ஸர் பழையதன் இடத்துக்கு வராது.

இப்போது என் முன் இருக்கும் தாள் லிடோவின் எஸ்டிஈத் டோக்கனுக்கானது. அதில் இருப்பு என்ற எண் சேமிக்கப்படுவதே இல்லை. ஒவ்வொருவருக்கும் உள்ள பங்கும், மொத்த ஈதருக்கும் மொத்தப் பங்குக்கும் உள்ள விகிதமும்தான் இருப்பைத் தீர்மானிக்கின்றன. வெளித் தகவலை ஒப்பந்தத்துக்குக் கொண்டுவரும் ஆரக்கிள் அறிக்கை ஒன்று வந்ததும் அந்த விகிதம் மாறி, வைத்திருக்கும் எல்லாருடைய இருப்பும் ஒரே நொடியில் மாறிவிடுகிறது. தாளில் அந்த வரிக்கு எதிரே, ஒவ்வொரு முகவரிக்கும் எனத் தனித்தனியாக எழுத எந்த நிகழ்வும் இல்லை. அதனால் இந்த முறை என் ஸ்கீமாவில் இருப்பு என்ற நெடுவரிசை இருக்காது. பங்குகளுக்கு ஓர் அட்டவணை, விகிதம் மாறிய பிளாக்குகளுக்கு இன்னோர் அட்டவணை. இருப்பைக் கேட்பவருக்கு அவ்விரண்டையும் பெருக்கித் தருவதாக இருக்கிறேன்.